உணவுப் பதிவில் கணக்கு உதைக்கிறதா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

சாப்பிட்டதைத் தானே எழுதி வைக்கும் எந்தப் பதிவிலும் பிழை இருக்கும். அந்தப் பிழை இரண்டு பக்கமும் சமமாகச் சிதறினால் பல நாள் சராசரியில் கரைந்துவிடும். ஆனால் அது பெரும்பாலும் குறைவான பக்கமே சாய்கிறது. டியூட்டீரியமும் ஆக்சிஜன்-18-ம் (ஹைட்ரஜன், ஆக்சிஜனின் கனமான வடிவங்கள்) கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து, அவை உடலைவிட்டு வெளியேறும் வேக வித்தியாசத்திலிருந்து ஆற்றல் செலவைக் கணக்கிடும் முறை 1982 முதல் மனிதர்களிடம் பயன்பட்டு வருகிறது. பதிவுகளை அந்த அளவுகோலோடு ஒப்பிட்டபோதுதான் இந்தச் சாய்வு தெளிவாகத் தெரிந்தது. 1992-ல் வெளியான ஓர் ஆய்வில், 1,200 கலோரிக்குக் கீழ் சாப்பிட்டும் எடை குறையவில்லை என்று சொன்ன 10 பேரின் பதிவு, உண்மையான உணவைவிட 47% குறைவாக இருந்தது. அவர்களுடைய உடலின் ஆற்றல் செலவில் எந்தக் கோளாறும் இல்லை. 2008-ல் வெளியான இன்னோர் ஆய்வில், படிப்படியாகக் கேட்கும் நேர்காணல் முறையில் 524 பேரிடம் விவரம் எடுத்தபோது குறைபாடு 11% அளவுக்கு இறங்கியது. இரண்டும் வெவ்வேறு மக்களிடம் நடந்தவை என்பதால் நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் ஒன்று நிச்சயம்: பதிவு செய்யும் முறையைத் திருத்தினால் பிழை குறையும்.

இங்கே கலோரி என்பது கிலோகலோரி, அதாவது உணவு உறைகளில் அச்சிடப்படும் அதே அலகு.

முதலில் ஒரு சோதனை: பதிவு நம்பும்படி இருக்கிறதா?

குறைந்தது 7 நாள் பதிவு வேண்டும். அதே காலத்தில் தினமும் காலையில், கழிப்பறை போய்வந்தபின், எதுவும் சாப்பிடாமல் எடை பார்த்திருக்க வேண்டும். எடையின் வாரச் சராசரி ஏறாமல் இறங்காமல் இருந்தால் மட்டுமே இந்தச் சோதனை செல்லும்.

ஓய்வுநிலை ஆற்றல் செலவுக்கு, அதாவது எந்த வேலையும் செய்யாமல் இருந்தாலும் உடல் ஒரு நாளில் செலவிடும் கலோரிக்கு, மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் சூத்திரம் போதும்: எடை கிலோவில் × 10, உயரம் சென்டிமீட்டரில் × 6.25, இரண்டையும் கூட்டி, வயது × 5-ஐக் கழிக்கவும். ஆணுக்கு 5 கூட்டவும், பெண்ணுக்கு 161 கழிக்கவும். 40 வயது, 70 கிலோ, 160 செ.மீ. உள்ள பெண்ணுக்கு 700 + 1,000 − 200 − 161 = 1,339 கலோரி.

பதிவின் தினசரிச் சராசரியை இந்த எண்ணால் வகுக்கவும். அவர் பதிவு 1,250 என்று காட்டினால் விகிதம் 0.93. ஆய்வாளர் கோல்ட்பர்க்கின் குழு 1991-ல் முன்வைத்து, ஆய்வாளர் பிளாக் 2000-ல் விளக்கித் திருத்திய கணக்குப்படி, பெரும்பாலும் உட்கார்ந்தே இருக்கும் ஒருவரின் ஒரு வாரப் பதிவுக்கு விகிதம் சுமார் 1.05-க்குக் கீழ் போனால், அது வழக்கமான உணவைக் காட்டும் வாய்ப்பு மிகக் குறைவு. இந்தச் சோதனை படுமோசமான பதிவைத்தான் பிடிக்கும். 1.3 வந்துவிட்டதாலேயே பதிவு சரி என்று ஆகாது. ஓடியாடி வேலை செய்பவருக்கு 1.3 கூடக் குறைவுதான்.

அறிகுறி: பதிவில் கலோரி குறைவு, ஆனால் எடை அசையவே இல்லை

எண்ணெயிலிருந்து தொடங்குங்கள். ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மி.லி. எண்ணெய் கிட்டத்தட்ட 13.6 கிராம், 120 கலோரி. கண்ணளவில் ஊற்றி, ‘ஒரு கரண்டி’ என்று எழுதுகிறவர் இரண்டு கரண்டி ஊற்றுவது சர்வசாதாரணம். மூன்று வேளையும் அப்படியே போனால் ஒரு நாளில் 360 கலோரி எழுதப்படாமல் நழுவிவிடும். தட்டில் அது தனியாகத் தெரியாது. சாப்பிட்டவருக்கும் வித்தியாசம் தெரியாது.

கரண்டியால் அளப்பதைவிட நல்ல வழி, புட்டியை எடை போடுவது. எண்ணெய்ப் புட்டியைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியம் ஆக்குங்கள். எடுத்து, வழக்கம்போல ஊற்றுங்கள். வாய் ஓரம் வழிந்ததைத் துடைக்காமல் அப்படியே திரும்ப வையுங்கள். திரையில் −17 என்று வந்தால், வாணலியில் விழுந்தது 17 கிராம், 153 கலோரி. வெண்ணெய், ஜாம், தேன், நிலக்கடலை வெண்ணெய் எல்லாவற்றுக்கும் இதே முறை பொருந்தும். கரண்டியில் ஒட்டியது, கிண்ணத்தில் தங்கியது என்ற தொல்லை இதில் இல்லை.

குறுக்குச் சரிபார்ப்பும் செய்யலாம். வீட்டு எண்ணெய்ப் புட்டியை ஒரு வாரத் தொடக்கத்திலும் முடிவிலும் எடை போட்டு, வித்தியாசத்தை அந்த வீட்டில் எல்லாருடைய பதிவிலும் உள்ள எண்ணெயோடு ஒப்பிடுங்கள். 600 கிராம் குறைந்திருக்க, பதிவில் 250 கிராம்தான் இருக்கிறது என்றால், தேட வேண்டிய இடம் தெரிந்துவிட்டது. பொரித்த எண்ணெயை மீத்து வைத்திருந்தால் அதையும் எடை போட்டுக் கழிக்க வேண்டும்.

எண்ணெய் சரியாக இருந்தும் இடைவெளி மூடவில்லையா? இந்த வரிசையில் பாருங்கள்: பானங்களில் போன பாலும் சர்க்கரையும், சமைக்கும்போது ருசி பார்த்தது, பிள்ளைகள் மிச்சம் வைத்ததை வாயில் போட்டது, சாலட் மேல் ஊற்றிய சாஸ், மது. மதுவில் ஒரு கிராம் ஆல்கஹாலுக்கு 7 கலோரி. 5% உள்ள 330 மி.லி. பீரில் சுமார் 13 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. அதில் மட்டும் 91 கலோரி, மாவுச்சத்து தனி.

அறிகுறி: ஒரே உணவு, ஒரே அளவு, ஆனால் கலோரி இரண்டு மூன்று மடங்கு மாறுகிறது

பச்சையாக உள்ள எடையும் வெந்த எடையும் கலந்துவிட்டன. 100 கிராம் வெள்ளை அரிசியில் சுமார் 360 கலோரி. அதே 100 கிராம் சோற்றில் சுமார் 130 கலோரிதான், மீதி தண்ணீர். 200 கிராம் சோற்றை எடை போட்டுவிட்டு, பட்டியலில் ‘அரிசி’ என்ற வரியைத் தேர்ந்தெடுத்தால் 260-க்குப் பதில் 720 ஏறிவிடும்.

இறைச்சியில் இது தலைகீழாக நடக்கும். தண்ணீர் வெளியேறுவதால் 100 கிராம் கோழி இறைச்சி வெந்தபின் 75 கிராம் அளவுக்குச் சுருங்கும். வெந்ததை எடை போட்டுப் பச்சைக் கணக்கில் எழுதினால் கால் பங்கு விட்டுப்போகும். ஒரே தட்டில் சோறு கூடுதலாகவும் கோழி குறைவாகவும் பதிவாகி, கூட்டுத்தொகை தற்செயலாகப் பொருந்திவிடுவதும் உண்டு. அப்போது புரதக் கணக்கைப் பார்த்தால்தான் பிழை வெளிப்படும்.

தீர்வு எளிது: ஒவ்வொரு வரியிலும் எடைக்குப் பக்கத்தில் ‘ப’ அல்லது ‘வெ’ என்று எழுதுங்கள். எலும்பு, தோல், கொட்டை விஷயத்திலும் இதே ஒழுங்கு வேண்டும். வாழைப்பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தோல். சாப்பிட்டபின் தோலை எடை போட்டுக் கழிப்பதே பத்திரம்.

அறிகுறி: பல பேருக்குச் சமைத்த பாத்திரத்தில் என் பங்கு எவ்வளவு என்று தெரியவில்லை

‘ஒரு பங்கு’ என்று எழுதப்பட்ட வரிகள் பதிவில் நிறைய இருந்தால் இந்த இடம்தான் ஓட்டை. இதற்கு வேண்டியது கொஞ்சம் முன்னேற்பாடு.

1. வீட்டில் சமைக்கும் பாத்திரங்களை வெறுமையாக எடை போட்டு, எண்ணை அடியில் மார்க்கரால் எழுதி வையுங்கள். நடுச் சமையலில் இந்த எண் கிடைக்காமல்தான் பலர் கைவிடுகிறார்கள்.
2. உள்ளே போகும் ஒவ்வொன்றையும் பச்சையாக எடை போட்டு, மொத்தக் கலோரியைக் கூட்டுங்கள்.
3. அடுப்பை அணைத்து, நன்றாகக் கிளறி, பாத்திரத்தோடு எடை போடுங்கள்.
4. பாத்திரத்தின் எடையைக் கழித்து, மொத்தக் கலோரியை மீதி எடையால் வகுங்கள்.

பொருட்களின் கூட்டுத்தொகை 1,860 கலோரி என்று வைத்துக்கொள்வோம். பாத்திரத்தோடு எடை 3,040 கிராம், வெறும் பாத்திரம் 1,240 கிராம். உணவு 1,800 கிராம், ஒரு கிராமுக்கு 1.03 கலோரி. உங்கள் தட்டில் 320 கிராம் விழுந்தால் அது 330 கலோரி.

தவறு நடப்பது பெரும்பாலும் மூன்றாவது படியில். கொதிக்கக் கொதிக்க எடை போட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பரிமாறினால், ஆவியாகப் போன தண்ணீர் அளவுக்கு உணவு கெட்டியாகிவிடும், கிராமுக்குக் கலோரி கூடிவிடும். பரிமாறும் நேரத்தில் எடை போடுவதே சரி. குழம்பு போன்றவற்றில் எண்ணெய் மேலே மிதக்கும், கனமான துண்டுகள் அடியில் தங்கும். மேலாக மொண்டவருக்கும் அடியில் அள்ளியவருக்கும் ஒரே கணக்குப் பொருந்தாது. துண்டுகளைத் தனியாக, சாறைத் தனியாகத் தட்டில் எடை போடுவது இங்கே நேர்மையான வழி. இரண்டாவது முறை போட்டுக்கொண்டதையும் தட்டில் மிச்சம் வைத்ததையும் எழுதும் வரை கணக்கு முடியாது.

அறிகுறி: பதிவில் எல்லாம் 50, 100, 150, 200

தராசு காட்டும் எண்கள் 87, 143, 212 என்று ஒழுங்கில்லாமல்தான் வரும். பக்கம் முழுக்க உருண்டை எண்களாக இருந்தால் அது எடை போட்ட பதிவு அல்ல, கண்ணளவு. கண்ணளவுக்கு என்றே ஒரு சாய்வு உண்டு: சிறிய அளவைக் கூட்டியும் பெரிய அளவைக் குறைத்தும் மதிப்பிடுவோம். நிறையச் சாப்பிட்ட நாளில்தான் பதிவு அதிகமாகக் குறைகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எப்போதும் தராசைச் சுமந்துகொண்டு போக முடியாது என்பது உண்மைதான். அதனால் கண்ணைப் பழக்க வேண்டும். 10 நாள், ஒவ்வொரு வேளையும் முதலில் மதிப்பீட்டை எழுதுங்கள், பிறகு எடை போட்டுப் பக்கத்தில் எழுதுங்கள். வரிசை முக்கியம்: எடையைப் பார்த்தபின் எழுதும் மதிப்பீடு பயிற்சியே ஆகாது. 10 நாள் முடிவில் எந்த உணவில் எவ்வளவு தவறுகிறீர்கள் என்பது பெயரோடு தெரியும். சோற்றில் 5% தவறுகிறவர் பாதாம் பருப்பில் 40% தவறுவார். பாதாம்போல அடர்த்தியானவற்றை மட்டும் இனி எப்போதும் எடை போட்டால் பாதிக் கவலை தீரும்.

புகைப்படம் எடுப்பதானால் நேர் மேலிருந்து எடுக்காதீர்கள், உணவின் உயரம் தெரியாமல் போய்விடும். சுமார் 45 பாகைச் சாய்வில், அளவு தெரிந்த பொருள் ஒன்றைப் பக்கத்தில் வைத்து எடுங்கள். வங்கி அட்டை நல்லது, உலகெங்கும் ஒரே அளவு: 85.6 மி.மீ. × 54 மி.மீ. அட்டை எண் தெரியாமல் வெறும் பக்கம் மேலே இருக்கட்டும். சாப்பிட்டு முடித்தபின் ஒரு படம். எண்ணெய், சர்க்கரை, உள்ளே திணித்த பொருள் எதுவும் படத்தில் தெரியாது என்பதால் ஒரு வரி எழுத்தும் கூடவே வேண்டும்.

அறிகுறி: தராசு ஒரே பொருளுக்கு வேறு வேறு எண் காட்டுகிறது

தளம் சமமாக இருக்கிறதா, பேட்டரி தீர்ந்துவருகிறதா, தட்டு சுவரில் உரசுகிறதா என்று பாருங்கள். நம்பகமான எடைக்கல் ஒன்றை நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துப் பாருங்கள். மூலையில் மட்டும் மாறினால் எப்போதும் நடுவில் வையுங்கள்.

அதிகம் கவனிக்கப்படாத ஒரு பிழை உண்டு. பல டிஜிட்டல் தராசுகள், மெல்ல மெல்ல ஏறும் எடையைத் தங்கள் சொந்தப் பூஜ்ஜிய நகர்வு என்று எடுத்துக்கொண்டு தானாகவே அழித்துவிடும். சர்க்கரையைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால் 4 கிராம் விழுந்தபின்னும் திரை 0 அல்லது 1 என்றே நிற்கும். கிண்ணத்தை ஒருமுறை தூக்கித் திரும்ப வைத்தால் உண்மையான எண் வரும். அதைவிட, சர்க்கரை டப்பாவைத் தராசில் வைத்து எடுத்த அளவைக் கழித்தல் குறியில் படியுங்கள்.

அறிகுறி: ஆப்பில் ஒரே பெயருக்குப் பத்து வரிகள், பத்து எண்கள்

பயனர்கள் சேர்த்த வரிகள் சரிபார்க்கப்பட்டவை அல்ல. ஒரு வரியை நம்பலாமா என்று அரை நிமிடத்தில் பார்த்துவிடலாம்: புரதம் × 4, மாவுச்சத்து × 4, கொழுப்பு × 9, கூட்டுத்தொகை. புரதம் 8, மாவுச்சத்து 20, கொழுப்பு 10 என்றால் 32 + 80 + 90 = 202. வரியில் 120 கலோரி என்று இருந்தால் அதை விட்டுவிடுங்கள். நார்ச்சத்து, சர்க்கரை ஆல்கஹால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சர்பிட்டால் போன்ற இனிப்புப் பொருள்), மது உள்ள உணவுகளில் மட்டும் இந்தக் கணக்கு ஓரளவு விலகும்.

வரியில் உள்ள எண் நான்கு மடங்குபோலத் தோன்றினால் அது கிலோஜூல். 4.184-ஆல் வகுங்கள். சரியாக இருந்தும் உதைத்தால், 100 கிராமுக்கான எண் ஒரு பங்குக்கு என்று ஏறியிருக்கிறதா பாருங்கள். உலர்ந்த பொருளுக்கான எண்ணா, தயாரித்த பொருளுக்கா என்பதும் உறையில் சின்ன எழுத்தில்தான் இருக்கும்.

இரும்புச்சத்து, துத்தநாகம் போன்றவை எப்போதும் குறைவாக வந்தால், உணவில் குறை என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பல வரிகளில் அந்தக் கட்டமே காலியாக இருக்கும், ஆப் அதைப் பூஜ்ஜியமாகக் கூட்டிவிடும். அரசு அல்லது பல்கலைக்கழக உணவு அட்டவணையிலிருந்து வந்த வரிகளை மட்டும் வைத்து மீண்டும் கணக்கிட்டுப் பாருங்கள்.

அறிகுறி: இரவில் எழுத உட்கார்ந்தால் பாதி ஞாபகம் இல்லை

அப்போதைக்கப்போது எழுதுவதுதான் மருந்து. முடியாத நாளில், ஒரே மூச்சில் காலை முதல் இரவு வரை நினைவுகூர முயலாமல், ஐந்து சுற்றாகப் போங்கள். முதல் சுற்றில் நினைவுக்கு வந்ததை வரிசை பார்க்காமல் கொட்டுங்கள். இரண்டாவதில் மறக்கும் வகைகளை ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: பானம், இனிப்பு, கொறித்தது, பழம், ரொட்டி, தொட்டுக்கொண்டது. மூன்றாவதில் நேரத்தையும் வேளையையும் சேருங்கள். நான்காவதில் அளவு, சமைத்த விதம், மேலே சேர்த்தது. ஐந்தாவதில் முழுவதையும் ஒருமுறை வாசியுங்கள். அமெரிக்க வேளாண்மைத் துறையின் நேர்காணல் முறை இதே வரிசையில்தான் அமைந்திருக்கிறது. முன்பு சொன்ன 11% அந்த முறைக்குக் கிடைத்த எண்.

இரண்டு உணவுகளுக்கு நடுவே ஐந்தாறு மணி நேர இடைவெளி தெரிந்தால் அங்கே நிறுத்தி, அந்த நேரத்தில் எங்கே இருந்தீர்கள், யாரோடு இருந்தீர்கள் என்று யோசியுங்கள். இடம் நினைவுக்கு வந்தால் உணவும் வரும்.

அறிகுறி: வார நாட்கள் நிறைவு, விடுமுறை நாட்கள் வெற்று

வெற்று நாளும் பூஜ்ஜிய நாளும் ஒன்றல்ல. ஆப் எப்படிச் சராசரி எடுக்கிறது என்று பாருங்கள். வெற்று நாளைச் சேர்த்து வகுத்தால் எண் குறையும். சேர்க்காமல் வகுத்தால் கட்டுப்பாடான நாட்கள் மட்டுமே பேசும். விருந்து நாளில் ‘இரண்டு தட்டு, இனிப்பு மூன்று’ என்று மோட்டாவாக எழுதியதுகூட வெற்றுப் பக்கத்தைவிட மேல்.

எத்தனை நாள் வேண்டும்? ஒருவரின் தினசரிக் கலோரி சராசரியைச் சுற்றி 25% ஆடுகிறது என்று வைத்தால், 3 நாள் பதிவின் சராசரி உண்மையிலிருந்து 28% வரை விலகலாம், 7 நாளில் 19%, 14 நாளில் 13%, 28 நாளில் 9%. இது நாளுக்கு நாள் மாறுவதால் வரும் விலகல் மட்டும். எழுதாமல் விட்டுப்போன உணவால் வரும் பிழையை எத்தனை நாள் கூட்டினாலும் சரிசெய்ய முடியாது. வைட்டமின் ஏ போல சில உணவுகளில் மட்டும் குவிந்திருக்கும் சத்துக்கு இந்த நாட்கள் எதுவும் போதாது.

அறிகுறி: முதல் மூன்று நாள் விவரமாக, பிறகு வரிகள் குறைகின்றன

ஒரு நாளில் எத்தனை பொருட்கள் எழுதப்பட்டன என்று எண்ணுங்கள். 18, 17, 15, 9, 7 என்று இறங்கினால் ஒன்று எழுதுவதில் சலிப்பு, அல்லது எழுத வேண்டியிருப்பதால் சாப்பாட்டையே எளிமையாக்கிவிட்டார். எடை இறங்கவில்லை என்றால் முதலாவது, இறங்கினால் இரண்டாவது என்று ஊகிக்கலாம். சலிப்புக்கு, வாரத்தில் 7 நாளும் கேட்காமல், விடுமுறை நாள் ஒன்றையும் சேர்த்துச் சிதறிய 3 நாட்களைப் பல வாரங்களுக்குக் கேட்பது மேல்.

மற்றவரின் பதிவை வாங்கிப் பார்க்கும் உணவியலாளர்கள் இங்கே கவனிக்க வேண்டும். பதிவு குறைவதற்குப் பெரிய காரணம் வெட்கம். ‘இவ்வளவுதானா, வேறு எதுவும் சாப்பிடலையா?’ என்று கேட்டால் வரும் பதில் ‘இல்லைங்க’ என்பதுதான். ‘காபியில என்னென்ன சேர்த்துக்கிட்டீங்க?’ என்று, சேர்த்ததாகவே எடுத்துக்கொண்டு கேளுங்கள். எழுதியதைப் படிக்கும்போது பாராட்டும் வேண்டாம், புருவம் உயர்த்துவதும் வேண்டாம். ‘இனிப்பு சாப்பிடலை, நல்லது’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அடுத்த வாரம் முதல் இனிப்பு பதிவில் இருக்காது, தட்டில் இருக்கும். எடை போடுவதே பதற்றமாகிறது, எண்ணுக்குப் பயந்து வேளையை விடுகிறார் என்று தெரிந்தால் பதிவை உடனே நிறுத்தி மருத்துவரிடம் பேச வேண்டும். எந்தத் துல்லியமும் அதைவிடப் பெரிதல்ல.

அறிகுறி: கலோரி பொருந்துகிறது, உப்புக் கணக்கு மட்டும் நம்பும்படி இல்லை

சமையலில் போட்ட உப்பு, மேலே தூவியது, வெந்த தண்ணீரோடு கொட்டியது எதையும் பதிவு சரியாகப் பிடிக்காது. சாப்பிட்ட சோடியத்தில் சுமார் 90% சிறுநீரில் வெளியேறுவதால், உண்மை தெரிய 24 மணி நேரச் சிறுநீர் சேகரிப்புதான் வழி. முழு நாளுக்கும் ஒரு துளி விடாமல் சேகரிக்க வேண்டும். ஒரு கிராம் சோடியம் என்பது சுமார் 2.5 கிராம் உப்பு. புரதத்திலுள்ள நைட்ரஜனும் பெரும்பாலும் சிறுநீரில்தான் வெளியேறும் என்பதால், புரதக் கணக்கையும் இதே சேகரிப்பிலுள்ள நைட்ரஜனை வைத்துச் சரிபார்க்கலாம்.

திருத்தியபின்

பழைய பதிவை ‘எல்லாவற்றுக்கும் 30% கூட்டு’ என்று ஒரே எண்ணால் பெருக்காதீர்கள். குறைபாடு எல்லா உணவிலும் சமமாக இருப்பதில்லை. புரதத்தை ஓரளவு சரியாகவும், இனிப்பு, கொழுப்பு, கொறித்தவற்றை மிகக் குறைவாகவும் எழுதுவதே வழக்கம். ஒரே எண்ணால் பெருக்கினால் சாப்பிடாத புரதமெல்லாம் கணக்கில் ஏறும்.

பழைய பக்கங்களைத் தொடாமல் விட்டு, முறையை மாற்றிய தேதியில் ஒரு கோடு போட்டு, என்ன மாற்றினீர்கள் என்று எழுதுங்கள்: ‘இன்று முதல் எண்ணெய் புட்டி எடையில்’. ஒரு வாரத்துக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்தால் எந்த ஓட்டை எவ்வளவு பெரிது என்று தெரியும். 14 நாள் கழித்து முதல் சோதனையை மறுபடி போடுங்கள். எடை நிலையாக இருந்தும் விகிதம் இன்னும் 1.05-க்குக் கீழ் நின்றால், ஒரே ஒரு நாள் மட்டும், வாய்க்குள் போகும் ஒவ்வொன்றையும் வீட்டில் இன்னொருவர் எடை போட்டு எழுதட்டும், நீங்களும் வழக்கம்போலத் தனியாக எழுதுங்கள். இரண்டு தாளையும் அடுத்தடுத்து வைத்து வரிவரியாக ஒப்பிடுங்கள். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத வரிகளிலிருந்து அடுத்த வாரத் திருத்தத்தைத் தொடங்குங்கள்.